கீழ் லயத்துப் பீலி

மடுல்கெல்லவில் என் சின்னம்மாவின் வீட்டில் ஓர் எவர்சில்வர் டம்ளர் இருக்கிறது. விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாகக் குத்தி ஒரேயோர் எழுத்து. சின்னம்மாவின் மகள், என் தங்கச்சி, அவளுடைய பெயரின் முதலெழுத்து அது. காது குத்துக்காகக் கண்டிக் கடையில் வாங்கியது. அவள் அதில் குடித்தது கொஞ்சக் காலம்தான். இரண்டு வயது நிரம்புவதற்குள், ஒரு மழை மாதத்தில் வயிற்றோட்டம் கண்டு, தோட்டத்து லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே போய்விட்டாள். அதன் பிறகு வீட்டார் யாரும் அதில் குடிப்பதில்லை. சின்னம்மா அதைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, சுவர்ப் பலகை இறாக்கையில் தனியாகக் கவிழ்த்து வைத்திருப்பார். விருந்தாளி வந்தால் மட்டும்தான் கீழே இறங்கும். வந்தவர் கையில் முதலில் தண்ணீர், பிறகுதான் தேத்தண்ணி, பிறகுதான் பேச்சு. எங்கள் லயத்தில், தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் அந்த வரிசை வீடுகளில், எங்கும் அதுதான் முறை.

என் அம்மா வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனபோது என்னை எடுத்து வளர்த்தவர் சின்னம்மா. கொழுந்து பறித்த கையால்தான் எனக்குச் சோறும் ஊட்டினார், அடியும் போட்டார். நான் படித்து, கண்டியில் ஒரு நீர் ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, “தண்ணியைப் பார்க்கிறதுக்கா சம்பளம்? நான் தெனமுந்தான் பார்க்கிறேன், எனக்கு யாரு குடுக்கிறா?” என்று லயமே கேட்கச் சிரித்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மலைக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் அளந்தது கடலை. யுத்தம் முடிந்து கிழக்குப் பாதைகள் திறந்த பிறகு, மகாவலி ஆறு கடலில் விழுகிற குடாவைப் பற்றிய ஆய்வொன்று எங்கள் கைக்கு வந்தது. மட்டி செத்து ஒதுங்குகிறது, கடற்புல்லைப் பாசி மூடுகிறது, வலையை இழுத்தால் சேறுதான் வருகிறது என்று அந்தப் பக்கத்து மீனவர்கள் முறையிட்டிருந்தார்கள். கழிவு கரையோரத்து ஊர்களிலிருந்து வருகிறதா, ஆறு கொண்டுவருகிறதா என்று பிரித்துச் சொல்ல வேண்டும். அந்தப் பொறுப்பு எங்கள் பெரிய ஆய்வாளரிடம் இருந்தது. யாழ்ப்பாணத்துக்காரர். நாங்கள் எல்லோரும் அவரை ‘மிஸ்’ என்றே கூப்பிட்டோம்.

மிஸ்ஸைப் பற்றி ஒன்று சொன்னால் போதும்: அளக்காத எதையும் அவர் சொல்ல மாட்டார். வானம் கறுத்து, இடி இடித்துக்கொண்டிருக்கும். எங்கள் ஜீப் ஓட்டிய கட்டுகஸ்தோட்டை முஸ்லிம் அண்ணரை ‘நானா’ என்போம்; அவர் வேண்டுமென்றே கேட்பார், “மிஸ், மழ வருமா?” மிஸ் கொஞ்சமும் சிரிக்காமல், “பெய்யட்டும், அளந்து போட்டுச் சொல்லுறன்” என்பார். நானா ஸ்டியரிங்கில் தட்டித் தட்டிச் சிரிப்பார். அறிக்கையில் ‘அநேகமாக’, ‘போலும்’ என்று நான் எழுதினால் சிவப்பு மையால் வெட்டிவிட்டு, “பார்த்தீரோ? பார்க்கேல்லயெண்டா எழுதாதையும்” என்பார். கடுமையானவர்தான். ஆனால் மதியச் சோற்றுப் பார்சலைப் பிரித்தால் முதல் முட்டை என் பக்கம் வரும்.

குடாவில் தோணியை நிறுத்தி, போத்தலின் வாயைச் சுற்றிய ஈயத்தாளைக் கழற்றி, வாயைக் கவிழ்த்தபடி தண்ணீருக்குள் இறக்கி, ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பி நிரப்ப அவர்தான் எனக்குக் காட்டினார். முழுக்க நிரப்பக்கூடாது, கொஞ்சம் காற்று விட வேண்டும். விரல் வாயில் படவே கூடாது. பிறகு ஐஸ் நிரப்பிய ரெஜிஃபோம் பெட்டியில் அடுக்கிக்கொண்டு, கிருமிகள் பெருகுவதற்கோ சாவதற்கோ முன் கண்டிக்கு ஓடி வர வேண்டும். “கடலை மட்டும் பார்த்தா கடல் விளங்காது. வந்த தண்ணியையும் கேக்கவேணும்” என்று மிஸ் அடிக்கடி சொல்வார். அதனால் குடாவிலிருந்து தொடங்கி, ஆற்றோடு மேலே ஏறி ஏறி மாதிரி எடுத்துக்கொண்டு வந்தோம். சுவரில் மாட்டிய வரைபடத்தில் ஊசிகள் ஒவ்வொன்றாக மலைப் பக்கம் நகர்ந்தன.

எல்லாவற்றுக்கும் மேலே ஓர் ஊசி தேவைப்பட்டது. மனிதர் கை படாத ஒரு தண்ணீர். கடல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று சொல்ல, கெடாத தண்ணீர் எப்படி இருக்கும் என்று ஒரு கணக்கு வேண்டும் அல்லவா? மிஸ் வரைபடத்தின் பச்சை நிறத்தின் மேல் விரலை ஓட்டினார். வீதியில்லை, பட்டணமில்லை, ஓர் ஊர்ப்பெயர்கூட இல்லை. மகாவலிக்குப் போகிற ஹுலு கங்கையில் வந்து சேருகிற மெல்லிய நீலக் கோடுகள் மட்டும். அந்த விரல் நின்ற இடத்தைப் பார்த்ததும் எனக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது. “மிஸ், அது எங்க தோட்டம்! எங்க பீலித் தண்ணி மிஸ்! அத மாதிரி தண்ணி இலங்கையிலேயே கிடையாது” என்று கத்தியே விட்டேன். பீலி என்றால் ஓடைத் தண்ணீரை மூங்கிலாலோ தகரத்தாலோ திருப்பிக் கொட்ட விடுகிற இடம். கீழ் லயத்தில் குளிப்பு, குடிப்பு, துவைப்பு எல்லாம் அதில்தான். மலைத் தண்ணீர் என்றால் சுத்தம் என்பதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இருந்ததில்லை. விஞ்ஞானம் படித்த பிறகும் இருந்ததில்லை. நம் வீட்டுத் தண்ணீரை யார் சந்தேகப்படுவார்கள்?

முதல் தடவை போனது ஒரு தெளிந்த காலை. மிஸ் ரப்பர் சப்பாத்தோடு ஓடையில் இறங்கி, நான் போத்தலை நீட்ட, பீலிக்குச் சற்று மேலே மாதிரி எடுத்தோம். பிறகு சின்னம்மா எங்களை விடவில்லை. இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், கதிரை போட்டுத் துடைத்து, உட்கார வைத்து, இறாக்கையிலிருந்து அந்த டம்ளரை இறக்கி, பீலியிலிருந்து அப்போதுதான் பிடித்த தண்ணீரை இரண்டு கையாலும் நீட்டினார். மிஸ் ஒரே மூச்சில் குடித்தார். “என்ன குளிர்! தேன் மாதிரி இருக்கு அம்மா” என்றார். பிறகு எழுத்தைத் தடவிப் பார்த்து, யாருடையது என்று கேட்டார். சின்னம்மா சொன்னார். எந்த மாதம், எத்தனை நாள் கிடந்தாள், லொறி எங்கே நின்றது, எல்லாம் சொன்னார். மிஸ் காலி டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டேயிருந்தார்.

நாங்கள் போன பிறகு சின்னம்மா அதை லயம் லயமாகச் சொல்லியிருக்கிறார். யாழ்ப்பாணத்து அம்மா, பெரிய அதிகாரி, நம்ம வீட்டில் நம்ம டம்ளரில் தண்ணீர் குடித்தார் என்று. இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று வெளியில் இருப்பவர்கள் கேட்கலாம். ‘தோட்டக்காட்டார்’ என்று சொல்லி வாசலோடு நிறுத்தப்பட்டவர்களுக்கு அது தெரியும். எந்த வீட்டில் யார் கையால் யார் தண்ணீர் குடிக்கவில்லை என்பதை எங்களவர்கள் மூன்று தலைமுறைக்கு மறக்க மாட்டார்கள். குடித்தவர்களையும் அப்படித்தான்.

மாதிரி எடுத்த மறுநாள் காலை ஆய்வுகூடத்தில் கிருமி வளர்க்கிற தட்டுகளை வெளியே எடுத்தோம். மலக்கிருமி இருந்தால் அதில் நீலப் புள்ளிகள் முளைக்கும். மீன் இறக்குகிற துறையருகே எடுத்த கடல் தண்ணீரில்கூட எண்ணிவிடலாம் போலத்தான் முளைத்திருந்தன. எங்கள் பீலித் தட்டு நீலமாகவே இருந்தது. எண்ண இடமில்லை. நான் தட்டுகளை மாற்றி வைத்துவிட்டேனோ என்று அடியில் எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். என் கையெழுத்துதான். பக்கத்து மேசையில் ஒருவர், “கடலுக்கு உங்கட மலையே பரவாயில்ல எண்டு நினைச்சம், இப்ப மலைக்குக் கடல் பரவாயில்ல போல” என்றார். கெட்ட மனதோடு சொல்லவில்லை, நானும் சிரித்தேன். ஆனால் காது மடல் வரைக்கும் எரிந்தது. வரைபடத்திற்கு முன்னால் நின்று கத்தினேனே, அந்தச் சத்தம் அந்த அறையில் இன்னும் தொங்கிக்கொண்டிருப்பது போலிருந்தது. மிஸ் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மெதுவாக, “நான் இதைத்தானே குடிச்சனான்” என்றார். என் முகத்தைப் பார்த்ததும், “ஒருக்கா எடுத்ததை வைச்சுச் சொல்லேலாது. திரும்பப் போவம்” என்று முடித்தார்.

இரண்டாம் தடவை ஓடையோடு மேலே நடந்தோம். நான் முன்னால் நடக்க வேண்டியிருந்தது. வழி தெரிந்தவள் நான்தானே. மேல் லயத்துக்குப் பின்னால், ஓடைக் கரைப் புதர்களுக்குள் ஒற்றையடிப் பாதைகள் போவதைப் பார்த்து மிஸ், “இதுகள் எங்க போகுது?” என்று கேட்டார். மேல் லயத்துக் கழிப்பறைகள் ஒரு மண்சரிவோடு போனவை. அதன் பிறகு யாரும் கட்டிக் கொடுக்கவில்லை. பெண்கள் விடிவதற்கு முன்னால், பெரட்டுக்கு, வேலைக்கு ஆள் கணக்கெடுப்புக்கு, தப்பு அடிக்கும் முன்னால், இந்தப் பாதைகளில்தான் போய் வருவார்கள். மழை வந்தால் எல்லாம் ஓடைக்கு. ஓடை கீழ் லயத்துக்கு. இத்தனையும் எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே தெரியும். அந்தப் பாதையும் இந்தப் பீலியும் ஒரே தண்ணீர் என்று மட்டும் என் மூளையில் ஒருநாளும் சேரவில்லை. “கக்கூஸ் இல்லை மிஸ்” என்று நிலத்தைப் பார்த்துச் சொன்னேன். யாருக்காக வெட்கப்பட்டேன் என்று இன்றைக்கும் சரியாகத் தெரியவில்லை. அந்தப் பெண்களுக்காகவா, அவர்களை அப்படி விட்டவர்களுக்காகவா, இல்லை மிஸ் இதைப் பார்க்கிறாரே என்பதற்காக மட்டுமா? கடைசியாகச் சொன்னதாக இருந்துவிடக்கூடாதே என்று நினைக்கிறேன். அதுதான் என்றும் தோன்றுகிறது.

இறங்கி வந்தபோது சின்னம்மா இஸ்தோப்பில் டம்ளரோடு நின்றார். இந்தத் தடவை பக்கத்து வீட்டுப் பெண்களும் இரண்டு பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். சின்னம்மா சிரித்துக்கொண்டே டம்ளரை நீட்டினார். மிஸ்ஸின் கை தானாகவே நீண்டு, டம்ளரின் வாயைப் பொத்தியது. “வேண்டாம் அம்மா, வேண்டாம்.” அவ்வளவுதான். யோசித்துச் செய்ததல்ல, தட்டைப் பார்த்த கண், கைக்குச் சொல்லிவிட்டது. ஏறி இறங்கிய களைப்பு வேறு. பையிலிருந்த தன் பிளாஸ்டிக் போத்தலை எடுத்து, எல்லோர் முன்னாலும் மடமடவென்று குடித்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு படியிறங்கிப் போனார்கள்.

சின்னம்மா உள்ளே போனார். நானும் பின்னால் போனேன். அடுப்படியில் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே குரலைத் தாழ்த்திக் கேட்டார், “யாரு சொன்னா அவங்ககிட்ட?”

“எதை சின்னம்மா?”

“நாம யாருன்னு. போன வாட்டி தெரியாம குடிச்சிட்டாங்க. இப்ப தெரிஞ்சிருச்சு. அதானே?”

இல்லை என்றேன். அப்படியெல்லாம் இல்லவே இல்லை என்றேன். அப்போ ஏன் என்று கேட்டார். சாதி இல்லை என்று சொல்ல வேண்டுமானால், தண்ணீர் என்று சொல்ல வேண்டும். இந்த வீட்டில், இந்த டம்ளரைப் பிடித்திருக்கிற இந்தக் கையைப் பார்த்துக்கொண்டு, தண்ணீர் என்று எப்படிச் சொல்வது? “அவங்களுக்குத் தொண்டை சரியில்ல” என்று உளறினேன். “அதான் சொந்தப் போத்தல்ல குடிச்சாங்களாக்கும்” என்றார் சின்னம்மா. கோபம்கூட இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஜீப் தொழிற்சாலை வளைவு வரை வந்திருக்கும். நான் அழுவதை நானா கண்ணாடியில் பார்த்துவிட்டு, “என்ன தங்கச்சி, என்ன நடந்த?” என்றார். சொன்னேன். மிஸ்ஸின் முகம் வெளுத்துப் போனது. “ஐயோ, சாதியோ! அப்பிடியே நினைச்சவா? இடம்பெயர்ந்து ஓடின காலத்தில சேத்துத் தண்ணியைச் சீலையால வடிச்சுக் குடிச்சனான் நான். எனக்கென்ன சாதி! திருப்புங்கோ நானா, திருப்புங்கோ” என்றார். அந்த ஒடுங்கிய பாதையில் ஜீப்பைத் திருப்ப நானா பட்ட பாடு அல்லாவுக்குத்தான் தெரியும்.

சின்னம்மா எங்களைப் பார்த்ததும் கதிரையை மறுபடி துடைத்தார். மரியாதையில் ஒரு குறையுமில்லை. மிஸ் உட்காரவில்லை. படியிலேயே நின்றுகொண்டு, “அம்மா, நீங்கள் நினைச்சது இல்லை. சாதி கீதி ஒண்டும் இல்லை. தண்ணியிலதான் பிழை. மேல இருந்து அழுக்கு வந்து கலக்குது. கொதிக்க வைக்காமல் ஒருத்தரும் குடிக்கக்கூடாது. அதுதான் நான் கையை வைச்சனான்” என்று ஒரே மூச்சில் சொன்னார்.

சின்னம்மாவின் முகம் முதலில் தெளிந்தது. சாதி இல்லை என்பது காதில் ஏறிய அந்த ஒரு கணம், உண்மையாகவே தெளிந்தது. பிறகு மற்றது ஏறியது. அவர் திரும்பி இறாக்கையைப் பார்த்தார். டம்ளர் கவிழ்ந்து கிடந்தது. யாரையும் பார்க்காமல் கேட்டார்.

“எப்பயிருந்துங்க?”

தங்கச்சியை நினைத்துத்தான் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. மிஸ்ஸுக்கும் புரிந்தது. முதல் தடவை அந்தக் காலி டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டவர் அவர்தானே. மிஸ் என்னைப் பார்த்தார். பிறகு சின்னம்மாவைப் பார்த்து, கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னார்.

“இப்பத்தான் அம்மா. இந்த வருச மழையோடதான். அதுக்கு முதல் நல்ல தண்ணி. எனக்குத் தெரியும்.”

இடி இடிக்கிறபோதுகூட மழை வருமென்று சொல்லாதவர். அளக்காததை எழுதாதே என்று என் வரிகளை வெட்டியவர். வாழ்நாளில் ஒரேயொரு தடவை, அளக்காததை, அளக்கவே முடியாததை, எனக்குத் தெரியும் என்று சொன்னார். அவர் மேல் எனக்கிருந்த மரியாதை அந்தக் கணத்தில்தான் அன்பாக மாறியது என்று நினைக்கிறேன். ஆனால் மிஸ்ஸுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. மேல் லயத்துக் கழிப்பறைகளை மண்சரிவு கொண்டுபோனது தங்கச்சி பிறப்பதற்கு முந்திய வருடம். அது எனக்குத் தெரியும். சின்னம்மாவுக்கும் தெரியும்.

“அப்படிங்களா?” என்றார் சின்னம்மா. “சரிங்க.” முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு கடைக்கு ஆள் அனுப்பி, எங்கள் மூவருக்கும் சோடாப் போத்தல் வாங்கி உடைத்துக் கொடுத்தார். மிஸ் தேத்தண்ணி கேட்டுப் பார்த்தார், கொதித்த தண்ணீர்தானே என்று. “சோடா குடிங்கம்மா, அதுதான் நல்லது” என்று சின்னம்மா சொல்லிவிட்டார். சூடான சோடா. மிஸ் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

அறிக்கையில் எங்கள் பீலி வரவில்லை. ஒப்பிடுவதற்குச் சுத்தமான தண்ணீர் வேண்டுமென்றுதானே தேடினோம். சுத்தமில்லாததால் ‘பொருத்தமற்றது’ என்று நீக்கப்பட்டது. ஊசி காட்டுக்குள் இன்னும் மேலே போனது. மிஸ்ஸிடம் அப்போதே கேட்டேன், இவ்வளவுதானா என்று. “எங்கட கிருமி உயிரோட கடல் வரைக்கும் போகாது. கடலைப் பற்றின அறிக்கையில அதுக்கு இடமில்லை” என்றார், தலையைக் குனிந்துகொண்டு. கடல் கெட்டதற்கான காரணங்களாக உரம், சேறு, பட்டணத்துக் கழிவு எல்லாவற்றையும் எழுதினோம். நல்ல அறிக்கை. குடாவில் மட்டிக்கு நேர்ந்த கதியைப் பற்றி அத்தியாயமே இருக்கிறது. நானும் அதில் எழுதியிருக்கிறேன். கீழ் லயத்துக்காக மிஸ் தனியாகத் தோட்டத்துக்கும் சுகாதாரப் பகுதிக்கும் எழுதினார், போய் நின்றார், சண்டையும் போட்டார். கழிப்பறைகளும் காட்டோரத்துத் தொட்டியிலிருந்து குழாயும் வருவதற்குள் அவர் ஓய்வு பெற்று யாழ்ப்பாணம் போய்விட்டார். தொலைபேசியில் பேசும்போது, “சின்னம்மா சுகமோ?” என்று தவறாமல் கேட்பார். தண்ணீர் எப்படி என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இப்போது நான் கட்டுகஸ்தோட்டையில் இருக்கிறேன். வீட்டில் வடிகட்டி இருக்கிறது. போன மாதம் மடுல்கெல்லவுக்குப் போவதற்கு முன், குழாய்த் தண்ணீரை எடுப்பித்து நானே சோதித்தேன். தட்டு வெள்ளையாக இருந்தது. ஒரு நீலப் புள்ளி கிடையாது. சின்னப் பிள்ளை மாதிரி அந்தச் செய்தியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். “சின்னம்மா, நானே பார்த்தேன். இப்ப தண்ணி சுத்தம். பயமில்லாம குடிக்கலாம்” என்றேன். “அப்படியா, நல்லது பிள்ள” என்றபடி கதிரையைத் துடைத்தார். எனக்கும் கதிரை. பிறகு வாசலுக்குப் போய், கடைக்குப் போகிற யாரையோ கூப்பிட்டு, ஒரு சோடா வாங்கி வரச் சொன்னார். அன்று தொடங்கிய பழக்கம் அது. அந்த வீட்டில் இப்போது யாருக்கும் தண்ணீர் நீட்டப்படுவதில்லை, அவர் வளர்த்த எனக்கும்கூட.

நான் எழுந்து போய், இறாக்கையிலிருந்து டம்ளரை நானே எடுத்தேன். பளபளவென்றுதான் இருந்தது, இன்னும் தேய்க்கிறார். குழாயைத் திறக்கப் போனபோது சின்னம்மா பின்னால் வந்து, டம்ளரின் வாயைக் கையால் பொத்தினார். மிஸ் வைத்த அதே மாதிரி.

“வேணாம் பிள்ள. இதுல வேணாம்.”

“சுத்தமா இருக்கு சின்னம்மா. சத்தியமா.”

“தெரியும். அந்த அம்மாவும் அப்படித்தான் சொன்னாங்க. நல்ல மனுசி.” எழுத்திருக்கும் பக்கத்தைக் கட்டைவிரலால் துடைத்தார். “அவளுக்கு என் கையாலதானே குடுத்தேன்.”

சோடா வந்து சேரும்வரை அந்தக் கையை அவர் எடுக்கவில்லை.